வட்டி வாங்காத ஆச்சி

என் அம்மாவின் அம்மாவான ஆச்சியை அடக்கம் பண்ணிவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஒருவர் சொன்ன ஒரு வரி ஏழு வருஷமாக உள்ளே கிடந்து உறுத்துகிறது. அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிறார். அவருடைய அப்பா ஆச்சிக்குக் கருப்பட்டி போட்ட பனையேறி. துக்க வீட்டில் பேசுகிற தொனியில்தான், மெதுவாக, கிட்டத்தட்டப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். "ஆச்சி வட்டி வாங்க மாட்டாவ. அது ஊருக்கே தெரியும். வெலையில எடுத்துக்கிடுவாவ, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்துபோய்விட்டார். நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவள். அந்த வரி விளங்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று காலை ஆராதனையில் சபைக் குருவானவர், எங்கள் பேச்சில் ஐயரவாள், நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் வாசித்தார். எங்கள் பக்கத்தில் வயதான பெண்மணி யார் இறந்தாலும் அதுதான். குணசாலியான ஸ்திரீ. ஆச்சி ஒரு ஜெபவீராங்கனை என்றார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஐம்பது வருஷம் பொருளாளராக இருந்ததைச் சொன்னார், சோறு வடிக்கும்போதெல்லாம் தவறாமல் கோயில் காணிக்கைக்குக் கைப்பிடி அரிசி எடுத்துவைத்ததைச் சொன்னார், பேரப்பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். எல்லாம் உண்மை. அச்சடித்துக் கொடுத்த தாளிலும் அதேதான்: பிறப்பு 1932, கர்த்தருக்குள் நித்திரை 2018, நடுவில் மகன், மகள், மருமக்கள், பேரன் பேத்தி பெயர்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் தேரிக்காட்டில் கருப்பட்டி வாங்கி, இருப்பு வைத்து, விற்று, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய ஒரு வியாபாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த அதிகாரத்தில் வருகிற பெண்ணே ஒரு வியாபாரிதான். வயலை விசாரித்து வாங்குகிறாள், துணி நெய்து வர்த்தகர்களிடம் கொடுக்கிறாள், தன் வியாபாரத்தில் ஆதாயம் உண்டு என்று தெரிந்து வைத்திருக்கிறாள். ஐயரவாள் முதல் வசனத்தையும் கடைசி இரண்டையும் வாசித்துவிட்டு நடுவில் உள்ளதைத் தாண்டிவிட்டார். ஆச்சியின் வேதாகமத்தில் பென்சில் கோடு இழுத்திருப்பது அந்த நடுப்பகுதிக்குத்தான்.

ஆக, ஒரே நாளில் எனக்கு இரண்டு ஆச்சிகளைக் காட்டினார்கள். கோயிலில் ஒருத்தி, ரோட்டில் ஒருத்தி. இரண்டு பேருமே எனக்குத் தெரிந்த ஆச்சி இல்லை.

ரேந்தைப் பணம்

எங்கள் ஊர் உடன்குடிக்கும் மெய்ஞானபுரத்துக்கும் நடுவில், செம்மண் தேரியின் விளிம்பில் இருக்கிறது. எங்கு திரும்பினாலும் பனை, இல்லாவிட்டால் உடைமரம். ஆச்சியின் அப்பா வண்டி வைத்திருந்தார். குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனி கருப்பட்டியிலிருந்து சீனி எடுத்த ஆலையும், அதற்காகத் திசையன்விளையிலிருந்து உடன்குடி வழியாகத் திருச்செந்தூர்வரை ஓடிய சின்ன ரயிலும் இருந்த காலத்துக் கடைசிப் பிள்ளை அவள். ரயில் 1940-இல் நின்றுபோனது. "ரயிலு நின்ன பொறவு எங்கப்பாவோட மாட்டுக்கு மவுசு வந்துச்சு" என்பாள். ஒருவருக்கு நஷ்டமான இடத்தில் இன்னொருவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிற கண் எட்டு வயதிலேயே இருந்திருக்கிறது.

1950-இல் கல்யாணம். தாத்தா கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. வருஷத்துக்கு ஒருதரம் வருவார். 1963-இல் தந்திதான் வந்தது, காய்ச்சலில் போய்விட்டார். மூன்று பிள்ளைகள், பெரியவருக்குப் பத்து வயது, கடைக்குட்டியான என் அம்மாவுக்கு மூன்று. அதன் பிறகு ஆச்சி வெள்ளைச் சேலைதான். இந்த இடத்தைப் பற்றி அவள் ஒருபோதும் பேசியதில்லை. அதனால் நானும் ஊகித்து எழுதப்போவதில்லை.

வியாபாரத்துக்கு முதல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ரேந்தைப் பணம். அவளுடைய அம்மா பிறந்தது இடையன்குடிப் பக்கம். அங்கே பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தவர் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா. அவருக்கு அது தாய்வீட்டுச் சொத்து: நாகர்கோவிலில் அவருடைய அம்மா மார்த்தா மால்ட் ஏழைப் பெண்களைச் சேர்த்து நடத்திய தொழில் அது. நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்த ஊர்களில் பெண்கள் திண்ணையில் தலையணையை வைத்து, குண்டூசி குத்தி, நூல்கட்டைகளைக் கடகடவென்று மாற்றிப் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார்கள். துரைசாணிகளின் கழுத்துக்கும் கைக்கும் போன சரக்கு. அந்தக் கூலியில் பூட்டி சேர்த்துவைத்த 150 ரூபாயை, மகள் வெள்ளை உடுத்திய மறுவாரம் ஓலைக்கொட்டானோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஆச்சி அதில் அரிசி வாங்கவில்லை. அடுத்த மாசியில் நான்கு பனையேறிகளுக்கு முன்பணம் கொடுத்தாள்.

ஐப்பசியும் சித்திரையும்

கருப்பட்டி வியாபாரம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். பனை மாசி கடைசியிலிருந்து ஆவணிவரை பதநீர் தரும். அந்த ஆறு மாதமும் பனையேறி காலையிலும் மாலையிலும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும், ஒரு வேளையும் விட முடியாது. இறக்கிய பதநீரை விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில் காய்ச்சுவது வீட்டுப் பெண்கள். காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டு எரித்து, பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். அந்தப் புகையில் நின்ற பெண்களின் கண்களைப் பார்த்தால் தெரியும். பிறகு புரட்டாசியிலிருந்து தைவரை வருமானம் இல்லை. மழைக்காலம், பள்ளிக்கூடச் செலவு, கிறிஸ்துமஸ் துணி, எல்லாம் அந்த மாதங்களில்தான் வரும். அப்போது வியாபாரி கொடுப்பதுதான் முன்பணம். சித்திரையில் கருப்பட்டி எல்லா வீட்டிலும் குவியும்போது விலை விழுந்து கிடக்கும். முன்பணம் வாங்கினவர் சரக்கை அந்த வியாபாரிக்கே போட வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. வியாபாரி அதை ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி வைத்திருந்து மார்கழியில் விற்பார். அடைமழையில் கருப்பட்டி கசிந்து ஒழுகினால் நஷ்டமும் அவருக்கே.

ஆச்சி இதை மற்ற எவரையும்விடச் சுத்தமாகச் செய்தாள். விடிலிக்கு நேரில் போவாள். கலயத்தின் உள்பக்கம் விரலை விட்டு வழித்துப் பார்ப்பாள். சுண்ணாம்பு ஒட்டினால்தான் அது பதநீர், இல்லாவிட்டால் கள். கள் இறக்குகிறவர் எவ்வளவு நல்ல சரக்கு கொடுத்தாலும் வாங்க மாட்டாள். கருப்பட்டியை உடைத்து, உடைந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவாள். சீனி கலந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அப்படிக் கலந்த ஒருவர் எங்கள் சபைக்காரர், கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். அவர் போட்ட முழுச் சிப்பத்தையும் திருப்பி அனுப்பியவள், அந்த வருஷம் முழுக்க அவரிடம் வாங்கவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வட்டி வாங்குவதில்லை என்பது அவளுக்கு ஒரு பெருமை, கிட்டத்தட்டக் கிரீடம். எளியவனிடம் வட்டி வாங்காதே என்று மோசே சொல்லியிருப்பதைக் காட்டுவாள். "வட்டிக்காசுல வாங்குன அரிசி வேகாது" என்பாள். சுற்றுவட்டாரத்தில் மாதம் பத்து வட்டிக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், அதாவது வருஷத்துக்கு 120 சதவீதம். அவர்கள் நடுவில் ஆச்சி தனியாகத்தான் தெரிந்தாள்.

சாயந்திரம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கு, பாய், நாங்கள். ஆச்சி ஜெபம் பண்ணினால் சீக்கிரம் முடியாது. பனையேறிகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ஏறுகிற காலையும் பிடிக்கிற கையையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்பாள். எனக்கு அந்தப் பெயர்களே மனப்பாடம். பத்து பதினோரு வயதில் ஒருநாள் அவள் கணக்கு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டினேன். ஜெபத்தில் வருகிற அதே வரிசையில் பெயர்கள் இருந்தன. அதிக முன்பணம் வாங்கியவர் முதலில். சிரித்துவிட்டேன். "என்னட்டி சிரிக்க?" என்றாள். சொல்லவில்லை. இப்போது யோசித்தால், கடனைப் பாதுகாக்கிற ஜெபம் என்று அதைக் கிண்டல் பண்ணவும் முடிகிறது. யாருக்கு அதிகம் கொடுத்தோமோ அவர் முகம்தானே கண்ணை மூடியதும் முதலில் வரும் என்றும் தோன்றுகிறது.

310 ரூபாய்க் கருப்பட்டி

1992-ஆம் வருஷத்து அறுப்பின் பண்டிகை. ஆகஸ்டு மாதம், எனக்குப் பன்னிரண்டு வயது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று சபையார் தங்கள் முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். சேவல், பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, ஒரு தட்டு முட்டை, யாரோ பின்னிய ரேந்தைத் துணி. விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு முட்டை நூறு ரூபாய்க்குப் போகும். வாங்கினவர் மறுபடி காணிக்கையாகக் கொடுக்க, அதே முட்டை இன்னொரு தடவை ஏலம் போகும். பணம் கோயிலுக்கு. சென்னையில் கடை வைத்திருக்கிறவர்கள் பண்டிகைக்கு வந்திருப்பார்கள், அவர்களுக்குள் ஒரு வீம்பு. ஆச்சிக்கும் அந்த வீம்பு உண்டு.

அன்று ஒரு பனையேறியின் மனைவி, பின்னாளில் என்னிடம் அந்த வரியைச் சொன்ன லாரிக்காரரின் அம்மா, சீசனின் முதல் காய்ச்சலில் ஊற்றிய பெரிய கருப்பட்டி ஒன்றை எடுத்துவைத்திருந்து படைத்திருந்தாள். ஏலம் விட்ட தலைமையாசிரியர் அதைத் தூக்கிக் காட்டினார். சென்னைக்காரர் ஒருவர் ஐம்பது என்றார். ஆச்சி அறுபது. நூறு, நூற்றிருபது, இருநூறு. கூட்டம் கைதட்டியது. முந்நூறு என்றார் அவர். ஆச்சி எழுந்து நின்றாள். "முந்நூத்திப் பத்து." ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கைதட்டல் ஓய்ந்த இடத்தில் அந்த அம்மாள் குரல் வந்தது. சண்டைக்குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"அக்கா, அது நம்ம விடிலிக் கருப்பட்டிதான். அதே அடுப்பு, அதே செரட்டை. கோயிலுக்கு வந்தா ஒண்ணு முந்நூத்திப் பத்து, ஒங்க வீட்டுக்கு வந்தா கிலோ பன்னெண்டா?"

கூட்டம் சிரித்தது. ஆச்சியும் சிரிக்கப் பார்த்தாள். "இது கர்த்தருக்குக் குடுக்கது புள்ள" என்றாள்.

"அவருக்கு எதுக்குக்கா கருப்பட்டி? காப்பி குடிக்கவா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக ஒரு சேவலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஆச்சி பேசவில்லை. கருப்பட்டியை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ராத்திரி ஜெபத்தில் பெயர்கள் வரிசையாக வந்தன. அந்த வீட்டுக்காரர் பெயர் வந்ததும் நின்றுவிட்டது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஆச்சி கண்ணை மூடித்தான் இருந்தாள், உதடு மட்டும் ஒரு வார்த்தைக்குத் தயாராகி நின்றது. விளக்குத் திரி படபடத்தது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு "ஆமென்" என்றாள். மிச்சப் பெயர்கள் அன்றைக்கு வரவில்லை. அந்தக் கருப்பட்டியைக் காப்பிக்கு உடைக்கவும் இல்லை, மறு ஏலத்துக்குக் கொடுக்கவும் இல்லை. வேதாகமம் வைக்கிற பலகையின் ஓரத்தில் வைத்தாள். ஐப்பசி மழையில் அது வியர்த்து, கசிந்து, எறும்பு மொய்த்து, மரத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை.

மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது இதோடு நிறுத்திவிடுவார். "அன்னைக்கு அம்மை மனசு மாறிட்டு" என்று முடிப்பார். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். சாட்சி சொல்லுகிற கூட்டத்தில் சொல்ல அது நல்ல கதை. பேரேடு வேறு கதை சொல்லுகிறது.

பற்றும் வரவும்

போன வருஷம் ஊர் வீட்டை விற்றபோது ஆச்சியின் தகரப்பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் பதினாறு. மற்ற வியாபாரிகள் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் ஒரு சின்னச் சிலுவை. எழுத்து பெரிது பெரிதாக, ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. கணக்கில் ஒரு பிசகு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். தொழில் புத்தி சும்மா விடுமா? கால்குலேட்டரும் பக்கத்தில்.

லாரிக்காரர் சொன்னது சரி. 1991 ஐப்பசியில் அவருடைய அப்பாவுக்கு முன்பணம் 1,000 ரூபாய். 1992 வைகாசிக்குள் அது கருப்பட்டியாக வரவு வைக்கப்பட்டுவிட்டது, கிலோ 12 ரூபாய்க் கணக்கில். அதே நாட்களில் உடன்குடியில் விலை 15 என்று ஆச்சியே நாள்வழிக் கணக்கில் குறித்திருக்கிறாள். அதாவது 1,250 ரூபாய்ச் சரக்கு. ஏழு மாதத்தில் ஆயிரத்துக்கு 250. வருஷத்துக்குக் கணக்கிட்டால் 43 சதவீதத்துக்குக் கிட்டே வரும். என் வங்கியில் அந்த வட்டி போட்டால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். என் வங்கி அந்தப் பனையேறிக்கு ஒரு பைசா கொடுத்திருக்காது என்பதும் உண்மை. ஏறுகிற மரம் அவருக்குச் சொந்தமில்லை, கையெழுத்துப் போட ஜாமீனும் இல்லை. 1998 பேரேட்டில் என் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, "பேத்தி படிப்பு" என்று. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது கால்குலேட்டரைக் கொஞ்ச நேரம் கவிழ்த்துவைத்துவிட்டேன்.

சரி, ஏலத்துக்குப் பிறகு என்ன நடந்தது? 1993 சித்திரையில் விலை 12-இலிருந்து 15 ஆகிறது, அன்றைய உடன்குடி விலையைவிட ஐம்பது காசு மட்டும் குறைவு. மாமா சொன்ன மனமாற்றம் இதுதான். ஆனால் அதற்கு முந்தின ஐப்பசியில், அதாவது ஏலம் முடிந்து இரண்டு மாதத்தில், எல்லாருக்கும் முன்பணம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆயிரம் வாங்கினவருக்கு ஐந்நூறு. நல்ல விலை கொடுக்கிறேன், அப்படியானால் முதலில் அவ்வளவு கொடுக்க என்னால் முடியாது. வியாபாரியாக அது நியாயமான கணக்கு. அந்த மழைக்காலத்தை அந்த வீடுகள் எப்படிக் கழித்தன என்று பேரேட்டில் எழுதியிருக்காது.

அடுத்தது எனக்கு நேரடியாகவே தெரியும், ஏனென்றால் நான் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். 1993 ஐப்பசியில் அந்த அம்மாள் வந்தாள். வாசலில் நின்றபடியே, "அக்கா, வெலையப் பழையபடி வச்சுக்கிடுங்க, முன்பணத்தப் பழையபடி தாங்க. சித்திரையில கூட மூணு ரூவா வந்து எனக்கு என்ன செய்ய? காசு இப்பம்லா வேணும்" என்றாள். ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பம் எதுக்குட்டி ஏலத்துல அத்தன பேரு முன்னால அப்படிக் கேட்ட?"

"கேக்கணும்னு தோணிச்சு, கேட்டேன்."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஆச்சி உள்ளே போய்ச் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அரை மணி நேரம் பேரம் நடந்தது. முன்பணம் ஆயிரம், விலை 14. பேரேட்டில் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டுக்கு மட்டும் இல்லை, அந்த வருஷத்திலிருந்து எல்லாருக்கும் அதுதான் கணக்கு: அன்றைய விலையில் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் குறைவு. யோசித்துப் பார்த்தால், அன்று திண்ணையில் பேசி முடித்தது ஒரு வட்டி விகிதம். இரண்டு பேருமே அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

1994 ஆனியில் அந்தப் பனையேறி மரத்திலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. அவர் கணக்கில் அன்று நின்ற பாக்கி 640 ரூபாய். நான் அந்தப் பக்கத்தைத் தேடிப் போனது, அது அடிக்கப்பட்டிருக்கும் என்ற நினைப்பில். அடிக்கப்படவில்லை. 1995 பேரேட்டில் "பழைய பாக்கி 640". 1996-இல் 640. ஆச்சி வியாபாரத்தை நிறுத்திய 2006 வரை புதுப் பேரேடு தொடங்கும்போதெல்லாம் அதை எடுத்து எழுதியிருக்கிறாள். ஒரு ரூபாய் ஏறவில்லை, ஒரு ரூபாய் குறையவும் இல்லை. வட்டி வாங்க மாட்டேன் என்று அவள் சொன்னது அந்த ஒரு பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை.

பேரேட்டில் கர்த்தருக்கும் ஒரு பக்கம் உண்டு. தலைப்பே அப்படித்தான், மற்றக் கணக்குக்காரர்களைப் போல "கர்த்தர்" என்று. லாபத்தில் தசமபாகம் அதில் வரவு. (விற்பனையிலா லாபத்திலா என்று சபை ஊழியரான உபதேசியாரோடு வருஷக்கணக்காக விவாதம் நடந்திருக்கிறது. ஆச்சி லாபத்தில் உறுதியாக நின்றாள்.) அசன விருந்துக்கு அரிசி, கோயில் வெள்ளையடிப்பு, ஊழியர் காணிக்கை, இவை பற்று. மழை பொய்த்த ஒரு வருஷம் அந்தப் பக்கத்திலிருந்தே 300 ரூபாய் கைமாற்று எடுத்து முன்பணம் கொடுத்துவிட்டு, மூன்று தவணையில் திருப்பி வைத்திருக்கிறாள். அவருக்கும் வட்டி கிடையாது.

அந்தக் "கர்த்தர்" பக்கத்தில் 1994 ஆடியிலிருந்து மாதாமாதம் ஒரு பற்று: அந்தப் பனையேறியின் பெயர், 50 ரூபாய். 2006 வரை ஒரு மாதம் விடாமல். அதாவது 640 ரூபாய் பாக்கியை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, அதைப்போலப் பத்துப் பங்குக்கும் மேலே கர்த்தர் கணக்கிலிருந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பாக்கியை ஒரு கோடு போட்டு அடித்திருந்தால் முடிந்தது. அடிக்கவில்லை. கடன் வேறு, தர்மம் வேறு, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கணக்குக் குழம்பிவிடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். உலகத்தில் எந்தத் தணிக்கையாளரும் இந்தப் பேரேட்டில் குறை சொல்ல முடியாது. ஐயரவாளும் சொல்ல முடியாது. அந்த அம்மாள் ஒருத்தியால்தான் முடிந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை.

பாக்கி

லாரிக்காரரின் நம்பரை மாமாவிடம் வாங்கி அழைத்தேன். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை என்றார். பேரேட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த 43 சதவீதத்தையும் சொன்னேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா" என்றார். பிறகு மாதம் ஐம்பது ரூபாய் விஷயத்தைச் சொன்னேன். மறுபக்கம் லாரி இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

"அது கோயில்லேர்ந்து வருதுன்னுல்லா அம்மை சொன்னா. உபதேசியாருதான் கொண்டாந்து குடுப்பாரு."

"அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்."

"அப்பம் அந்த அறநூத்தி நாப்பது?"

"நிக்குது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். "நிக்கட்டும், நிக்கட்டும். குடுத்துருதேன்" என்று வைத்துவிட்டார்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. சென்னையில் அழகான காகிதப்பையில் விற்கிறார்கள். பனையேற ஆள் இல்லாததால் நல்ல சரக்கு கிலோ 400 ரூபாய். போன மாதம் பார்சல் சர்வீஸிலிருந்து அழைப்பு வந்தது, போய் எடுத்து வந்தேன். ஓலைப்பெட்டியில் இரண்டு கிலோ கருப்பட்டி. அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் இன்னமும் மரம் ஏறுகிறாராம். சீட்டு எதுவும் இல்லை. ஒன்றை உடைத்து, நகத்தால் கீறி, துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீனி இல்லை.

கடைசிப் பேரேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். ஆச்சி பேசி முடித்த 14 ரூபாய் விலை போட்டால் 28 ரூபாய் கழிந்து 612 நிற்கும். இன்றைய விலை போட்டால் 640 தீர்ந்து, நாங்கள் அவருக்கு 160 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.